எல்லா நகலும் காப்புப் பிரதி ஆகாது

2025 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, தென்கொரியாவின் டேஜோன் நகரில் உள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் தீப்பற்றியது. மின்தடை நேரத்தில் கைகொடுக்க வைத்திருந்த லித்தியம் அயன் மின்கலன்களை இடம் மாற்றும் பணியின்போது மூண்ட தீ அது. 709 அரசாங்கக் கணினி அமைப்புகள் முடங்கின. அவற்றுள் பல படிப்படியாக மீண்டன. 'ஜி-டிரைவ்' மட்டும் அப்படி மீளவில்லை.

அரசாங்க ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைப் போட்டு வைப்பதற்காக இருந்த பொதுச் சேமிப்பகம் அது. அதில் 858 டெராபைட் தரவு இருந்தது. 128 ஜிகாபைட் திறன்பேசிகள் ஏறத்தாழ 6,700 நிரம்பும் அளவு. அந்தத் தரவுக்கு வேறோர் இடத்தில் நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியிடத்தில் நகல் வைக்கவில்லை என்று அதிகாரிகள் விளக்கினர். உலகிலேயே மின்னிலக்கத் துறையில் முன்னணியில் உள்ள நாடுகளில் ஒன்றுக்கு நேர்ந்த கதி இது.

நம் வீடுகளுக்கு வருவோம். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலோ கோலாலம்பூரின் லோயாட் பிளாசாவிலோ குடும்பப் படங்களைச் சேமித்து வைக்க ஒரு பெட்டி கேட்டால், விற்பனையாளர் 'நாஸ்', 'ரெய்டு', 'ஸ்னாப்ஷாட்', 'பேக்கப்' என்று அடுக்குவார். கேட்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். எல்லாமே "நகல் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று சொல்வதாகப் படும். உண்மையில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆபத்துக்கானவை. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. இதைப் புரிந்துகொண்டால், உங்கள் தரவு எதிலிருந்து பாதுகாப்பாக இருக்கிறது, எதிலிருந்து இல்லை என்று நீங்களே சொல்லிவிடலாம்.

தரவு எங்கே குடியிருக்கிறது?

முதலில் சேமிப்பகத்தின் வகைகள். கணினியில் நேரடியாகச் செருகும் வன்தட்டு ஒரு கணினிக்கு மட்டும் உரியது. இது நேரடி இணைப்புச் சேமிப்பகம். வீட்டில் நால்வர் இருந்து நால்வரும் அதே படங்களைப் பார்க்க வேண்டுமென்றால், வன்தட்டைக் கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் நாஸ் எனப்படும் கட்டமைப்பு இணைப்புச் சேமிப்பகம். பல வன்தட்டுகள் கொண்ட ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒரு சிறு கணினியும் உண்டு. வீட்டு வைஃபை கட்டமைப்பில் இணைத்துவிட்டால், எல்லாக் கருவிகளும் அதிலிருந்து கோப்புகளை எடுக்கலாம், வைக்கலாம். நூலக முகப்பில் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது போன்றது இது. எந்த அடுக்கில் இருக்கிறது என்பது நூலகருக்குத் தெரிந்தால் போதும், உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நாஸ் பெட்டியும் அப்படித்தான். கோப்பின் பெயரைச் சொன்னால் கோப்பைக் கொடுக்கும்.

பெயரில் எழுத்துகளை மட்டும் இடம் மாற்றினால் வருவது 'சான்'. இது சேமிப்பகத்துக்கென்றே தனியாக அமைக்கப்படும் அதிவேகக் கட்டமைப்பு. பெரிய வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் இருப்பது. இங்கே நூலகர் இல்லை. வெறும் அடுக்குகள் நிறைந்த ஓர் அறையின் சாவியைக் கொடுத்து, "எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்" என்று சொல்வதைப் போன்றது. சேவைக் கணினிக்கு அது தன்னுடைய சொந்த வட்டு போலவே தெரியும். நாஸ் கோப்புகளாகக் கொடுக்கும். சான் வெறும் தரவுத் துண்டுகளாகக் கொடுக்கும். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

மூன்றாவது வகை 'ஆப்ஜெக்ட்' சேமிப்பகம். கடைத்தொகுதியில் பையை ஒப்படைத்து வில்லை வாங்கிக்கொள்வது போன்ற முறை. வில்லையைக் காட்டினால் பை வரும். மேகச் சேமிப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. அமேசான் 2006ஆம் ஆண்டு தொடங்கிய 'எஸ்3' சேவை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

இதுவரை சொன்னவை எல்லாம் தரவு தங்கும் இடங்கள் மட்டுமே. நாஸ் வாங்குவதால் மட்டும் தரவு பாதுகாப்பாகிவிடாது. படங்களைத் திறன்பேசியிலிருந்து நாஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, திறன்பேசியில் உள்ளவற்றை அழித்துவிட்டால், உங்களிடம் இருப்பது மீண்டும் ஒரே ஒரு பிரதிதான். இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

முதல் ஆபத்து: வன்தட்டு பழுதாவது

சுழலும் வன்தட்டு தேய்ந்து பழுதாகும். திண்மநிலை வட்டும் ஒருநாள் பழுதாகும். இதைச் சமாளிக்க வந்தது 'ரெய்டு'. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூவரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தப் பெயரைப் பரப்பியது. விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக, மலிவான பல சிறிய வட்டுகளை ஒன்றாக இயக்கலாம் என்பதே அதன் கருத்து.

ரெய்டு 1 எளிமையானது. இரண்டு வட்டுகளில் ஒரே தரவு எழுதப்படும். ஒன்று போனால் மற்றொன்று இருக்கும். தலா 4 டெராபைட் கொண்ட இரு வட்டுகள் வாங்கினால், பயன்படுத்தக் கிடைப்பது 4 டெராபைட்தான்.

ரெய்டு 5 சற்றுக் கெட்டிக்காரத்தனமானது. ஒரு சிறு கணக்கு பார்ப்போம். முதல் வட்டில் 5, இரண்டாவது வட்டில் 3, மூன்றாவது வட்டில் அவற்றின் கூட்டுத்தொகை 8 என்று எழுதி வைக்கிறோம். இரண்டாவது வட்டு பழுதாகிவிடுகிறது. 8இலிருந்து 5ஐக் கழித்தால், தொலைந்தது 3 என்று தெரிந்துவிடும். எந்த ஒரு வட்டு போனாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதை மீட்கலாம். கணினி கூட்டலுக்குப் பதிலாக வேறொரு விதியைப் பயன்படுத்துகிறது. சரிபார்ப்பு எண்ணை எல்லா வட்டுகளிலும் மாற்றி மாற்றி வைக்கிறது. அடிப்படை இதுவே. தலா 4 டெராபைட் கொண்ட நான்கு வட்டுகளில் 12 டெராபைட் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். ரெய்டு 6இல் இரண்டு வட்டுகள் ஒரே சமயத்தில் போனாலும் தாங்கும். இன்றைய பெரிய வட்டுகளில் பழுதானதை மீண்டும் நிரப்பப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதாலும், அந்த நேரத்தில் இன்னொரு வட்டும் பழுதாகக்கூடும் என்பதாலும் இந்தக் கூடுதல் ஏற்பாடு.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாத ஒன்று உண்டு. ரெய்டு 0 வேகத்துக்கு மட்டுமே. தரவைப் பிரித்துப் பல வட்டுகளில் எழுதும். ஒரு வட்டு போனால் எல்லாமே போய்விடும்.

இனி முக்கியமான கேள்வி. ரெய்டு இருந்தால் காப்புப் பிரதி தேவையில்லையா? ஒரு கோப்பைத் தவறுதலாக அழிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெய்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். எல்லா வட்டுகளிலும் அதே கணத்தில் அழித்துவிடும். அது வட்டின் பழுதிலிருந்து காக்கும். உங்கள் கைத்தவற்றிலிருந்து காக்காது.

இரண்டாம் ஆபத்து: அழிந்துபோவது

கைத்தவறு என்றாலும் சரி, பிறர் வேண்டுமென்றே அழித்தாலும் சரி, விளைவு ஒன்றுதான். 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி 'மொபைல் கார்டியன்' என்னும் கருவி நிர்வாகச் செயலியில் ஊடுருவல் நிகழ்ந்தது. சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கற்றல் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. கருவிகளுக்கு எந்தப் பழுதும் இல்லை. உள்ளே இருந்தவைதான் இல்லை. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் மீட்டுக்கொண்டார்கள். குறிப்புகளைக் கருவியில் மட்டுமே வைத்திருந்தவர்களால் அது முடியவில்லை.

இந்த ஆபத்துக்கான சொற்கள் மூன்று. அவற்றில் அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது 'சிங்க்' எனப்படும் ஒத்திசைவு. திறன்பேசியில் எடுத்த படம் மேகச் சேமிப்பிலும் கணினியிலும் தானாக வந்து நிற்பது ஒத்திசைவால்தான். மூன்று இடங்களில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம். ஒத்திசைவின் வேலையோ எல்லா இடங்களையும் ஒரே நிலையில் வைத்திருப்பது. ஓர் இடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அழியும். குப்பைத் தொட்டியில் சில காலம் கிடக்கும். ஐகிளவுட் படங்களில் 30 நாள், கூகல் ஃபோட்டோஸ் காப்பில் 60 நாள். அதற்குள் கவனித்தால் பிழைத்தது. ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது 'ஸ்னாப்ஷாட்'. ஒரு குறிப்பிட்ட நொடியில் சேமிப்பகம் இருந்த நிலையைப் பதிந்துகொள்வது. இது ஒரு சில விநாடிகளில் முடிந்துவிடும். காரணம், எல்லாவற்றையும் நகலெடுப்பதில்லை. எந்தெந்தத் துண்டுகள் சேர்ந்து உங்கள் கோப்புகளாக இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் குறித்துக்கொள்ளும். அதன்பின் ஒரு கோப்பை நீங்கள் திருத்தினாலும் அழித்தாலும், பழைய துண்டுகளை அப்படியே விட்டுவைக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் பழைய பட்டியலை எடுத்தால் போதும். கைத்தவற்றுக்கு அருமையான மருந்து. ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டியில், அதே வட்டுகளில்தான் இருக்கிறது. பெட்டி போனால் அதுவும் போகும்.

மூன்றாவதுதான் 'பேக்கப்' எனப்படும் உண்மையான காப்புப் பிரதி. மூலத்திலிருந்து பிரிந்து, வேறொரு கருவியில், பழைய நிலைகளோடு இருக்கும் நகல். மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும் இதற்கு நேரக்கூடாது. முழுக் காப்பில் எல்லாமே நகலாகும். கூடுதல் காப்பில், கடைசிக் காப்புக்குப் பிறகு மாறியவை மட்டும் நகலாகும். வேறுபாட்டுக் காப்பில், கடைசி முழுக் காப்புக்குப் பிறகு மாறிய அனைத்தும் நகலாகும். ஞாயிறன்று முழுக் காப்பும் மற்ற நாள்களின் இரவில் கூடுதல் காப்பும் எடுத்தால் இடம் மிச்சம். ஆனால் வியாழன் காலை மீட்க ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும் வேண்டும். நடுவில் ஒன்று பழுதானால் சங்கிலி அறுந்துவிடும். வேறுபாட்டுக் காப்பில் ஞாயிறும் புதனும் போதும். பதிலுக்கு இடம் அதிகம் பிடிக்கும்.

மூன்றாம் ஆபத்து: இடமே போவது

காப்புப் பிரதி எடுத்து, அதை நாஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள். வெள்ளமோ தீயோ திருடனோ இரண்டையும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. தென்கொரியாவில் நடந்தது இதுதான். சிங்கப்பூரிலும் 2024 செப்டம்பர் 10ஆம் தேதி லோயாங் வட்டாரத்தில் உள்ள ஒரு தரவு நிலையத்தில் லித்தியம் அயன் மின்கலன்களால் தீ மூண்டு, அலிபாபா மேகச் சேவையைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கப்பட்டனர். மேகம் என்று சொன்னாலும் தரவு இருப்பது தரையில், ஏதோ ஒரு கட்டடத்தில்தான்.

இதற்கான சொல் 'ரெப்ளிகேஷன்'. தரவைத் தொலைவில் உள்ள இன்னொரு சேமிப்பகத்துக்குத் தொடர்ந்து அனுப்புவது. இதில் இரு வகை. உடனுக்குடன் அனுப்பும் முறையில், இரண்டு இடங்களிலும் எழுதி முடித்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு. எதுவும் இழப்பில்லை, ஆனால் தொலைவு கூடக்கூட வேகம் குறையும். தாமதித்து அனுப்பும் முறை வேகமானது. விபத்து நேர்ந்தால் கடைசிச் சில விநாடிகளோ நிமிடங்களோ போகலாம். இரண்டிலும் ஒரு குறை பொதுவானது. இங்கே அழித்தது அங்கேயும் அழியும். எனவே ரெப்ளிகேஷன் இருந்தாலும் காப்புப் பிரதி வேண்டும்.

இவற்றை எல்லாம் சேர்த்து எளிதாக நினைவில் வைக்க உதவுவது 3-2-1 விதி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதைப் பரவலாக்கினார். தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில். புகைப்படக்காரருக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. ஒரு திருமணத்தை மீண்டும் நடத்திப் படம் எடுக்க முடியாது அல்லவா?

நான்காம் ஆபத்து: பூட்டிவிட்டுப் பணம் கேட்பது

'ரேன்சம்வேர்' எனப்படும் பிணைப்பண நச்சுநிரல் கோப்புகளை மறையாக்கம் செய்துவிட்டு, திறவுகோல் வேண்டுமென்றால் பணம் கொடு என்று மிரட்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வானாக்ரை' பலருக்கு நினைவிருக்கும். இந்த நச்சுநிரல்களை ஏவுவோருக்குக் காப்புப் பிரதியின் அருமை தெரியும். அதனால் முதலில் அதைத் தேடி அழிக்கிறார்கள். கணினியில் எப்போதும் செருகியே இருக்கும் வெளி வன்தட்டு, கணினிக்கு எட்டும் என்றால் நச்சுநிரலுக்கும் எட்டும்.

எனவே இரண்டு புதிய சொற்கள். 'ஏர் கேப்' என்பது காப்புப் பிரதிக்கும் கட்டமைப்புக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லாத நிலை. வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வைப்பதும் ஏர் கேப்தான். 'மாற்றவியலாப் பிரதி' என்பது, குறித்த காலம் முடியும்வரை நிர்வாகியே நினைத்தாலும் திருத்தவோ அழிக்கவோ முடியாதபடி வைக்கப்படும் பிரதி.

மறையாக்கத்தைக் குற்றவாளிகள் மட்டுமல்ல, நாமும் பயன்படுத்தலாம். வன்தட்டு திருடுபோனாலும் உள்ளே உள்ளதைப் படிக்க முடியாமல் செய்வது அது. தரவை இழப்பதும் தரவு பிறர் கையில் சிக்குவதும் வெவ்வேறு. 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் மீதான இணையத் தாக்குதலில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவுபோயின. எதையும் மீட்க வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் களவு போனதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. காப்புப் பிரதி எத்தனை இருந்தாலும் இதற்கு உதவாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் பேசுவது பெரிதும் இந்த இரண்டாவது வகையைப் பற்றி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மறையாக்கத் திறவுகோலைத் தொலைத்தால் உங்கள் தரவு உங்களுக்கே பூட்டப்பட்டுவிடும். காப்புப் பிரதிகள் கூடக்கூட, திருடக்கூடிய பிரதிகளும் கூடுகின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

எவ்வளவு இழக்கலாம்? எவ்வளவு நேரம் காக்கலாம்?

நிறுவனங்கள் இந்த இரண்டு கேள்விகளையும் 'ஆர்பிஓ', 'ஆர்டிஓ' என்று சுருக்கமாகச் சொல்கின்றன. விபத்து நேர்ந்தால் எவ்வளவு நேரத்து வேலையை இழக்கத் தயார் என்பது ஆர்பிஓ. எவ்வளவு நேரத்துக்குள் மீண்டும் இயங்க வேண்டும் என்பது ஆர்டிஓ. நாளுக்கு ஒருமுறை காப்பு எடுத்தால், மோசமான நிலையில் ஒரு நாள் வேலை போகும்.

2017 ஜனவரி 31ஆம் தேதி, நிரலாளர்கள் பயன்படுத்தும் 'கிட்லேப்' தளத்தில் நடந்தது இரண்டையும் விளக்கும். ஒரு பொறியாளர் தவறான கணினியில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவுத்தளம் சில விநாடிகளில் போய்விட்டது. நிறுவனத்தில் பல வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. அன்றாடக் காப்பைத் தேடினால் அந்த இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது ஓசையின்றித் தோல்வியுற்று வந்திருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக அந்தப் பொறியாளரே எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். சுமார் ஆறு மணி நேரத் தரவு இழப்பு. மீண்டு வர ஏறத்தாழ 18 மணி நேரம். கிட்லேப் எல்லாவற்றையும் பொதுவில் வெளியிட்டதால் உலகமே அதிலிருந்து பாடம் கற்றது.

ஆர்டிஓ எவ்வளவு முக்கியம் என்பது சிங்கப்பூரருக்குத் தெரியும். முக்கிய அமைப்புகளை நான்கு மணி நேரத்துக்குள் மீட்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு நாணய ஆணையம் விதித்துள்ள விதி. 2023 அக்டோபர் 14ஆம் தேதி ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு ஏற்பட்டபோது டிபிஎஸ், சிட்டி வங்கிச் சேவைகள் தடைபட்டன. ஏறத்தாழ 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. இரு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. ஆனால் அவற்றுக்கு மாறும் வேலை, கட்டமைப்பு அமைவிலும் இணைப்பிலும் இருந்த சிக்கல்களால் தாமதமானது. அதாவது நகல் இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் அது எழுந்து நிற்கவில்லை.

இன்று நீங்கள் செய்யக்கூடியது

உங்களுக்கு மிக முக்கியமான தரவு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகளின் படங்கள், மறைந்த பெற்றோரின் குரல் பதிவு, சிறு வணிகம் நடத்துபவர் என்றால் கணக்கு வழக்கு. அதற்கு இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். வட்டு பழுதானால் என்ன ஆகும்? நானே தவறுதலாக அழித்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் தேடினால்? வீட்டில் தீப்பிடித்தால்? யாராவது எல்லாவற்றையும் பூட்டிவிட்டால்? "நகல் இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் கேள்விக்கு எந்த நகல் பதில் என்று சுட்டிக்காட்ட முடிய வேண்டும்.

பெரிய செலவு வேண்டாம். திறன்பேசியில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று, மாதம் ஒருமுறை செருகி நகலெடுத்துவிட்டுக் கழற்றி வைக்கும் வெளி வன்தட்டில் ஒன்று. அந்த வன்தட்டை அண்ணன் வீட்டிலோ அலுவலக மேசை இழுப்பறையிலோ வைத்தால், வீட்டில் தீப்பிடித்தாலும் அது தப்பும். வெளியே போவதால் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்து, அந்தக் கடவுச்சொல்லை நம்பகமான இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, மாதம் ஒருமுறை வன்தட்டைச் செருகும்போது புதியவற்றை நகலெடுப்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய படங்களில் ஐந்தாறைத் திறந்து பாருங்கள். கிட்லேப் நிறுவனத்தினர் காப்புப் பிரதிகளைத் தேவைப்படும் நாளுக்கு முன்பே திறந்து பார்த்திருந்தால், அந்த இடம் காலியாக இருப்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.